எங்க ஊர் சத்திரத்த வயசானவங்களுக்கு வீடா மாத்தப்போறோம், முற்றத்த மூடாம செய்ய வழி இருக்கா?

கீழத்தெரு குமார்
எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் பக்கம் எங்க ஊர்ல எங்க ஆளுங்க டிரஸ்டுக்குச் சொந்தமா ஒரு சத்திரம் இருக்கு, கொள்ளுத்தாத்தா காலத்துல நாலஞ்சு குடும்பம் சேந்து கட்டுனது. வாசல்ல ரெண்டு பக்கமும் திண்ணை, உள்ள பெரிய முற்றம், சுத்தி தேக்குத்தூண் வச்ச தாழ்வாரம், தாழ்வாரத்த ஒட்டி ரெண்டு பக்கமும் நாலு நாலு ரூம், பின்கட்டுல கோட்டை அடுப்போட சமையக்கட்டு, கெணறு. எங்க அம்மா கல்யாணம் இங்கதான் நடந்துச்சு, என் தங்கச்சி கல்யாணம் வரைக்கும் இங்கதான். ஏசி மண்டபம் வந்தப்புறம் யாரும் கேக்குறதில்ல, ஆறு வருஷமா பூட்டியே கெடக்கு.

ஊர்ல தனியா இருக்குற பெரியவங்க நெறைய, புள்ளைங்க எல்லாம் சென்னை துபாய்னு போயிட்டாங்க, அவங்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன வீடா பிரிச்சுக் குடுத்து சமையல் மட்டும் பொதுவா வச்சுக்கலாம்னு மீட்டிங்ல பேசி எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. பிளான் போட வந்த இன்ஜினியர் முற்றத்து மேல கான்கிரீட் ஸ்லாப் போட்டா இன்னும் ரெண்டு வீடு எடுக்கலாம், தூண எல்லாம் எடுத்துட்டு பில்லர் நிறுத்திக்கலாம்னு வரைஞ்சு குடுத்துட்டாரு. அத பாத்ததுலேந்து எனக்கு மனசே சரியில்ல. இடமும் வேணும், சத்திரம் சத்திரமாவும் இருக்கணும். இந்த மாதிரி வேல பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.

சுண்ணாம்புக் கொத்து
தம்பி அந்த பிளான ஓரமா வைங்க. எங்கப்பா கொத்தனார், நானும் இருபது வருஷமா சுண்ணாம்பு வேலதான் பாக்குறேன். நீங்க சொல்ற ரூமுக்கு வெளிப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல்தான் இருக்கும், வெளிச்சம் காத்து எல்லாம் முற்றத்துலேந்துதான் வருது. அத மூடுனா பட்டப்பகல்ல லைட்டு போட்டுக்கிட்டு உக்காரணும். அப்புறம் அந்தச் சுவரு சுண்ணாம்பும் நாட்டுச் செங்கலும், அதுமேல ஸ்லாப்ப ஏத்துனா ஏத்துற எடத்துல எல்லாம் விரிசல் விடும்.

ரூமுக்கு மேல மெட்ராஸ் டெரஸா ஓடான்னு சொல்லல. டெரஸா இருந்தா கீழ நின்னு பாருங்க, தேக்கு சரத்து மேல, அதாவது கூரையத் தாங்குற குறுக்கு மரத்து மேல, அச்சுக்கல்னு சொல்ற சின்ன செங்கல் சாய்வா அடுக்கியிருக்கும், அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி கட்டையால நாள்கணக்கா அடிச்சு இறுக்கியிருப்பாங்க, அதுக்கு மேல தட்டையான ஓடு பதிச்சிருக்கும். அது நல்ல தளம், இடிக்க வேண்டியதே இல்ல. மொதல்ல பாக்க வேண்டியது சரம் சுவத்துக்குள்ள சொருகியிருக்குற முனை. மழத்தண்ணி எறங்கி அங்கதான் இத்துப்போகும், வெளிய பாத்தா கல்லு மாதிரி இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் வச்சு குத்துனா புட்டு மாதிரி உள்ள போகும். ஒவ்வொன்னா குத்திப் பாத்து சாக்பீஸ்ல குறி போட்டுக்குங்க. வீடு பிரிக்கிறதுக்கு முன்னாடி கூரைதான். புதுச்சேரில மேரி கட்டடம்னு பழைய நகராட்சிக் கட்டடம் 2014 மழையில இடிஞ்சு விழுந்துச்சுல்ல, அதே தோற்றத்துல திரும்ப கட்டி 2021ல தொறந்தாங்க, அழகாத்தான் இருக்கு, ஆனா அந்தப் பழைய சுவரு போனது போனதுதான்.

சுவத்துல சிமெண்ட் பூசாதீங்க. ஓதம் உள்ள மாட்டிக்கும், வெளிய உப்பு பூத்து பொரிஞ்சு கொட்டும். ஏற்கனவே எங்கயாவது சிமெண்ட் பூசியிருந்தா தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குனு கேக்கும். சுண்ணாம்ப பத்து நாளாவது ஊற வச்சு, கடுக்காயும் வெல்லமும் போட்ட தண்ணியில கொழச்சு பூசணும். மெதுவாத்தான் காயும், அவசரப்படக்கூடாது. பாத்ரூம் எல்லாம் பின்கட்டுல தனியா கட்டிடுங்க, தண்ணிய மெயின் கட்டடத்துக்குள்ள விடவே விடாதீங்க.

மயிலாடுதுறை மல்லிகா
அண்ணே மத்ததெல்லாம் சரி, பாத்ரூம் பின்கட்டுலங்கறத மட்டும் என்னால ஒத்துக்க முடியல. எங்க அம்மாவுக்கு 78 வயசு, ராத்திரில மூணு தடவ எந்திரிப்பாங்க. ஐப்பசி மழையில வழுக்குற தாழ்வாரத்துல நடந்து பின்கட்டுக்குப் போயிட்டு வர முடியுமா? போன வருஷம் எங்க வீட்டு நிலைப்படி தடுக்கித்தான் விழுந்து இடுப்பெலும்பு ஒடஞ்சிச்சு, அதுலேந்து அவங்க தனியா நடக்குறதே இல்ல. வயசானவங்களுக்கு வீடுன்னா கட்டில்லேந்து பத்தடில பாத்ரூம் இருக்கணும். நிலைப்படிக்கு ரெண்டு பக்கமும் சரிவா மரத்துல ஒன்னு செஞ்சு வைங்க, நிலைய அறுக்க வேணாம். தாழ்வாரம் பூரா ஒரு கைப்புடி வேணும்.

சுண்ணாம்புக் கொத்து
அம்மா நீங்க சொல்றது நியாயம், நான் கட்டடத்த மட்டும் யோசிச்சுட்டேன். குமார் தம்பி, ரூமுக்கு வெளிப்பக்கம் காம்பவுண்டு வரைக்கும் எவ்வளவு சந்து இருக்கு? ஆறடி இருந்தா ஒரு வழி இருக்கு. ஜன்னலுக்குக் கீழ இருக்குற சுவர மட்டும் அறுத்து எறக்கி அதையே பாத்ரூம் வாசலாக்கிடுங்க. ஜன்னல் அகலத்துக்கு மேல ஒரு இஞ்ச்கூட போகாதீங்க, மேல பாரத்த தாங்குற வளைவு அப்படியே இருக்கும். பாத்ரூம் வெளிய தனி அஸ்திவாரத்துல, பழைய சுவத்துல ஒட்டாம கட்டணும், பைப்பு எல்லாம் வெளிப்பக்கமே ஓடட்டும். ஆனா ஒன்னு, இருந்த ஒரு ஜன்னலும் போயிடும். அப்ப முற்றம் தொறந்தே இருந்தாதான் ரூமுக்கு உசுரு.

லெஸ்டர் வாசி
நான் இங்கிலாந்துல பழைய சேப்பல், அதாவது சின்ன சர்ச் ஒன்ன பிளாட்டா மாத்துனதுல குடியிருக்கேன். இங்க பாரம்பரியக் கட்டடம்னு அரசாங்கம் லிஸ்ட் பண்ணுன கட்டடத்துல அனுமதி இல்லாம மாத்துனா கிரிமினல் குத்தம், அவ்வளவு கண்டிப்பு. இருந்தாலும் நெறைய எடத்துல தப்பு நடந்திருக்கு. எங்க கட்டடத்துல ரெண்டாள் உயர ஜன்னல், அதுக்கு நடுவுல தளம் போட்டு மேல ஒரு வீடு எடுத்துட்டாங்க. ஜன்னலோட கீழ்ப்பாதி எனக்கு, மேல இருக்குற வளைவும் கலர் கண்ணாடியும் மாடிவீட்டுக்கு. ரெண்டு பேருக்குமே அந்த ஜன்னல் முழுசா கிடைக்கல. உங்க முற்றத்த நெனச்சப்ப அதுதான் ஞாபகம் வந்துச்சு. ரெண்டு வீடு கொறஞ்சாலும் பரவாயில்ல குமார்.

வக்கீல் ரவி
கட்டடம் பேசுறதுக்கு முன்னாடி மூலப் பத்திரத்த எடுத்துப் படிங்க. அன்னதானம், வழிப்போக்கர் தங்கல்னு எழுதியிருந்தா நோக்கத்த மாத்த கோர்ட்டு அனுமதி தேவைப்படலாம், பொது அறக்கட்டளைன்னா சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவு. அறநிலையத்துறைக்குக் கீழ வர்ற சொத்துன்னா அஞ்சு வருஷத்துக்கு மேல குத்தகைக்கு விட கமிஷனர் அனுமதி வேணும். யாருக்கும் வித்துக் குடுக்காதீங்க, தங்கிக்க அனுமதின்னு மட்டும் எழுதுங்க. 2019 கட்டட விதிப்படி பிளான் அப்ரூவலும் தனியா வாங்கணும்.

கீழத்தெரு குமார்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு டேப்ப எடுத்துட்டு போனேன், தெக்குப் பக்கம் சந்து ஏழடி இருக்கு, வடக்குப் பக்கம் நாலரைதான், அதனால வடக்குல இருக்குற நாலு ரூம்ல ரெண்டு ரூம பாத்ரூமுக்கே விட்டுடலாம்னு யோசிக்கிறேன், எட்டு வீடு ஆறா கொறையும். அண்ணே அந்தத் தண்ணிய உள்ள விடலாமா, தரைய எப்படி போடணும்னு மட்டும் சொல்லுங்க. ரூமுக்கு மேல டெரஸ்தான். ஏணி போட்டு பதினோரு சரம் குத்திப் பாத்தேன், மூணுல உள்ள போயிடுச்சு, மூணும் மழத்தண்ணி எறங்குற மூலைல. அங்க தூம்புக்குள்ள ஆலங்கன்னு முளைச்சிருக்கு, நாளைக்கு ஆள கூட்டிட்டுப் போய் மொதல்ல அத எடுக்குறோம். பத்திரம் என் பெரியப்பா வீட்டு பீரோவுல இருக்காம், அந்த ஸ்லாப் பிளான வேணாம்னு மீட்டிங்ல சொல்றதுக்கு அவரும் வரேன்னுட்டாரு.