25 பேர் வர்ற ஹாலுக்கு பார்ட்டி ஸ்பீக்கர், எதைப் பாத்து வாங்கறது?

வேளச்சேரிவாசி:
வணக்கம் எல்லாருக்கும். மூணாவது மாடி ஃப்ளாட், ஹால் 18க்கு 12 அடி, தரை டைல்ஸ், ஒரு பக்கம் முழுக்க பால்கனி கண்ணாடிக் கதவு. அடுத்த மாசம் பாப்பாவுக்கு முதல் பர்த்டே, சொந்தக்காரங்க ஃப்ரெண்ட்ஸ்னு 25 பேர் வருவாங்க, அதுக்கப்புறமும் நியூ இயர், பொங்கல்னு எல்லாரும் எங்க வீட்லதான் கூடுவோம். இப்ப டிவிக்கு கீழ ஒரு சின்ன சவுண்ட்பார் இருக்கு, படம் பாக்க ஓகே, ஆனா ஆள் நெறைஞ்சுட்டா பாட்டு சோஃபா தாண்டி வரமாட்டேங்குது, கிச்சன்கிட்ட நிக்கறவங்களுக்கு குரல் மட்டும் கீச்சுன்னு கேக்குது, தவிலும் பறையும் போன எடமே தெரியல. ஒரு கடைல 10,000 வாட்ஸ்னு எழுதின டவர் ஸ்பீக்கர் காட்டுனாங்க, விலையும் கம்மிதான். இன்னொருத்தர் பேட்டரி வெச்ச பார்ட்டி ஸ்பீக்கர்தான் இப்ப எல்லாரும் வாங்கறாங்கன்றார். பட்ஜெட் 30 ஆயிரம். எது எடுக்கலாம்?

பெரம்பூர் மைக்செட்:
தம்பி, அந்த டவர் வேணவே வேணாம். அது பிஎம்பிஓ (PMPO, உச்சகட்ட பவர்) கணக்கு, ஒரு நொடில நூத்துல ஒரு பங்கு கூட தாங்காத சத்தத்த வெச்சு அவங்கவங்க இஷ்டத்துக்கு போட்டுக்கறது, அதுக்குன்னு பொதுவா ஒரு அளவுமுறையே கிடையாது. பெட்டிய திருப்பி பின்னாடி ஸ்டிக்கரப் பாருங்க, கரண்ட் எவ்ளோ இழுக்கும்னு போட்ருக்கும், 60 வாட் இழுக்கற பெட்டி எங்கேர்ந்து பத்தாயிரம் வாட் பாடும்? ஆர்எம்எஸ் (RMS), அதாவது விடாம தொடர்ந்து குடுக்கற வாட், எவ்ளோன்னு மட்டும் கேளுங்க.

அதுவும் வாட் மட்டும் பாத்தா பத்தாது, சென்சிடிவிட்டி பாக்கணும், அதாவது 1 வாட் குடுத்தா 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபல் வருதுங்கறது. வாட்ட டபுள் பண்ணா கூடறது வெறும் 3 டெசிபல்தான், அதனால 87 டெசிபல் ஸ்பீக்கர் 100 வாட் வாங்கிட்டு போடற சத்தத்த 93 டெசிபல் ஸ்பீக்கர் 25 வாட்லயே போட்டுடும். காதுக்கு டபுளா தெரியணும்னா சுமார் 10 டெசிபல் ஏறணும், பத்து மடங்கு வாட் வேணும், வாட்ட தொரத்திட்டுப் போனா முடிவே இல்ல.

தவில் கேக்காததுக்கு காரணம் வேற. சவுண்ட்பார்ல இருக்கற கோன், அதாவது துடிச்சு சத்தம் எழுப்பற கூம்பு, உள்ளங்கை அளவு கூட இருக்காது, எவ்ளோ துடிச்சாலும் அது தள்ற காத்து கொஞ்சம்தான். 8 இன்ச் வூஃபர் (தாழ்ந்த சத்தம், அதாவது பேஸ், போடற பெரிய கோன்) இருந்தா நல்லாருக்கும், 10 இன்ச் கெடச்சா இன்னும் நிம்மதி.

அண்ணாநகர்_பேஸ்:
அண்ணா சொன்னதுல ஒண்ணு மட்டும், 8 இன்ச் இல்லன்னா வேஸ்ட்னு நெனச்சுடாதீங்க. ஜேபிஎல் கம்பெனி பார்ட்டிபாக்ஸ் 110 ஸ்பீக்கர் எடுத்தீங்கன்னா வூஃபர் ரெண்டும் 5.25 இன்ச்தான், 160 வாட் ஆர்எம்எஸ், உங்க ஹாலுக்கு தாராளம். ஆனா என்னைக் கேட்டா ஒரு பெரிய பெட்டிய விட ரெண்டு நடுத்தர பெட்டி பெட்டர் ப்ரோ. ஒண்ணே ஒண்ணு வெச்சா பக்கத்துல நிக்கறவனுக்கு காது கிழியும், கிச்சன்ல இருக்கறவங்களுக்கு பத்தாது. மூலைக்கு ஒண்ணா ரெண்டு வெச்சா சவுண்ட கம்மியா வெச்சாலே ரூம் நெறையும், பேசறவங்க கத்தவும் வேணாம். மூலைல வெச்சா செவுரே பேஸ ஏத்திக் குடுக்கும், ரொம்ப ஏறி கடகடன்னா ஒரு அடி முன்னாடி இழுத்துக்கோங்க. கீழ தரைல வைக்காதீங்க, ஆளுங்க நின்னா ட்வீட்டர் (கீச்சு சத்தம் போடற சின்ன ஸ்பீக்கர்) சத்தம் எல்லாம் காலுலயும் துணிலயுமே அடங்கிடும், நிக்கறவங்க தலை ஒயரத்துக்கு ஏத்துங்க.

அப்புறம் ஹால் நடுவுல நின்னு ஒரு தட்டு கை தட்டிப் பாருங்க, டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல டிர்ர்ருன்னு எதிரொலி வால் மாதிரி இழுக்கும். கதவுக்கு கனமான கர்ட்டன், தரைல பெரிய ஜமக்காளம், அவ்ளோதான், ஸ்பீக்கர் மாத்தாமலே குரல் தெளிவாயிடும்.

மயிலாப்பூர் அம்மா:
எல்லாரும் சத்தம் எப்படி ஏத்தறதுன்னே பேசறீங்க, பர்த்டே ஒரு வயசுக் கொழந்தைக்குப்பா! ஸ்பீக்கர் பக்கத்துல பாப்பாவ தூக்கிட்டு நிக்கவே கூடாது, கேக் டேபிள எதிர் மூலைல போடுங்க. போன்ல டெசிபல் பாக்கற ஆப் இருக்கு, துல்லியமா இருக்காதுன்னாலும் ஒரு உத்தேசம் தெரியும், கொழந்தை இருக்கற எடத்துல 75 தாண்டாம பாத்துக்கோங்க. பெரியவங்களுக்கே 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம்தான்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அப்புறம் குடியிருக்கற ஏரியால ராத்திரி 10 மணிக்கு மேல 45 டெசிபல்தான் சட்டப்படி, 2000லயே வந்த ரூல். பேஸ் கான்க்ரீட் வழியாவே கீழ் வீட்டுக்கு எறங்கும், அதனால ஸ்டாண்டுக்கு அடில தடியா ரப்பர் ஷீட் போட்டு, கீழ் வீட்ல ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லிடுங்க, அவங்களையும் கூப்ட்ருங்க.

வேளச்சேரிவாசி:
ரொம்ப தேங்க்ஸ், கேக் டேபிள் விஷயம் எனக்கு தோணவே இல்லம்மா. அப்ப ரெண்டு பெட்டின்னு முடிவு. எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்ட் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஸ்பீக்கர் செட் பாக்கலாமா, புதுசுதான் வாங்கணுமா?

பெரம்பூர் மைக்செட்:
தாராளமா பாக்கலாம். பறக்கும் ரயில்ல சிந்தாதிரிப்பேட்டை எறங்கினா நடக்கற தூரம்தான். ஸ்பீக்கர் முன்னாடி இருக்கற ஜாலிய (வலை மூடி) கழட்டச் சொல்லி கோன சுத்தி இருக்கற வளையத்த விரலால லேசா அழுத்துங்க. ஃபோமா இருந்தா நம்ம ஊர் ஈரக்காத்துக்கு உப்புமா மாதிரி உதிர்ந்துடும், ரப்பரா இருந்தா வருஷக்கணக்கா நிக்கும். பாட்டே போடாம வால்யூம முக்கால்வாசி ஏத்துங்க, ஹம்முன்னு சத்தம் வந்தா விட்ருங்க. அப்புறம் கொறச்சுட்டு உங்க போன்லேர்ந்தே தவில் வர்ற பாட்டப் போட்டு மெதுவா முக்கால் வரைக்கும் ஏத்துங்க, குரல் கரகரன்னு கிழிஞ்சா ஆம்ப் பத்தலன்னு அர்த்தம், அந்த நெலமைலயே தொடர்ந்து ஓட்டுனா மொதல்ல போறது ட்வீட்டர்தான். ரெண்டு பெட்டிலயும் ஒரே பாட்டக் கேட்டு ஒரே சத்தம் வருதான்னு பாத்துட்டு காசு குடுங்க.