25,000 அடியிலிருந்து குதிக்கையில் காகிள்ஸ் மங்குகிறது, விரல் மரத்துப்போகிறது

கேள்வி:
15,000 அடிக்குக் கீழே பாராசூட்டோடு நிறையக் குதித்திருக்கிறேன், ஒரு தொல்லையும் இருந்ததில்லை. இப்போது ஆக்சிஜன் மாஸ்க்கோடு 25,000 அடிக்குப் போனால், விமானக் கதவைத் திறந்ததுமே காகிள்ஸின் உள்பக்கம் மங்கிவிடுகிறது. விரல்களும் மரத்துப்போகின்றன. மங்காமலிருக்கத் தடவும் திரவமும் பயன்படவில்லை. அடுத்த முறை தடித்த கையுறை, உதடு வெடிக்காமலிருக்கக் கொஞ்சம் வாசலின் என்று யோசிக்கிறேன். சரிவருமா?

பதில்:
வாசலின் வேண்டவே வேண்டாம். எண்ணெய்ப் பசையும் தூய ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம்.

காகிள்ஸை விடுங்கள், மாஸ்க்கைப் பாருங்கள். மூச்சின் ஈரம் மூக்கோரமாக மேலே கசிந்து, குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது என்று நினைக்கிறேன். அப்படியானால் மூச்சை இழுக்கும்போது அதே இடைவெளியில் வெளிக்காற்றும் உள்ளே வரும். 25,000 அடியில் ஆக்சிஜன் இல்லாமல் தெளிவாகச் செயல்பட 3 முதல் 5 நிமிடம்தான், 30,000 அடியில் 1 முதல் 2. புத்தி தடுமாறுவது நமக்கே உறைக்காது என்பதுதான் பயம். தாடி உண்டா?

கேட்டவர்:
லேசாக உண்டு.

பதில்:
மழித்துவிடுங்கள். பிறகு தரையிலேயே ஹெல்மெட், காகிள்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, மாஸ்க்கின் குழாயை அடைத்து மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். எங்காவது காற்று நுழைந்தால் அங்கேதான் கசிவு.

இன்னொருவர்:
கையுறை பற்றி. அந்த உயரத்தில் சுமார் மைனஸ் 34 டிகிரி, அதோடு மணிக்கு 200 கிலோமீட்டர் காற்று. ஆனாலும் தடித்த ஒற்றைக் கையுறை வேண்டாம். உள்ளே மெல்லிய கம்பளி, மேலே காற்று புகாத ஒன்று, மணிக்கட்டில் இடைவெளி இல்லாமல். அதை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி கட்அவே (கோளாறான பாராசூட்டைக் கழற்றிவிடுவது), ரிசர்வ் (மாற்றுப் பாராசூட்டை விரிப்பது) கைப்பிடிகளைப் பிடித்துப் பாருங்கள். தடவித் தேட வேண்டியிருந்தால் அந்தக் கையுறை உதவாது.

வியர்வையும் காரணமாக இருக்கலாம். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜனை வெளியேற்ற, குதிக்கும் முன் அரை மணி நேரமாவது தூய ஆக்சிஜன் சுவாசிக்கிறோம் அல்லவா, அப்போதே எல்லாவற்றையும் இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளாடை நனையும். பருத்தி என்றால் அந்த ஈரம் காயவே காயாது.

1960-இல் 1,02,800 அடியிலிருந்து குதித்த அமெரிக்க விமானப்படை வீரர் ஜோ கிட்டிங்கருக்கு, மேலே ஏறும்போதே வலது கையுறையில் அழுத்தம் போய்க் கை வீங்கிவிட்டது. அவருடையது உடலைச் சுற்றி அழுத்தம் தரும் அழுத்த உடை, நம் கதை வேறு. ஆனாலும் கையுறைதானே என்பவர்களிடம் இதைச் சொல்வேன்.

கேட்டவர்:
மழித்துவிட்டுச் சோதித்தேன். இன்னும் இடது மூக்கோரம் காற்று நுழைகிறது, அந்தப் பக்கத்துப் பட்டை தளர்வு. நானே இறுக்கலாமா?

பதில்:
வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் மறுபக்கம் தூக்கும். ஆக்சிஜன் கருவிகளைப் பார்ப்பவரிடம் ஹெல்மெட்டோடு கொடுங்கள். குதிக்கும்போது உடன் வரும் சிறிய சிலிண்டரின் இணைப்பையும் அப்படியே பார்க்கச் சொல்லுங்கள்.