மே 1க்குள் பதில் சொல்ல வேண்டுமாம்

லதா சித்தி: நிலாவுக்கு இங்கே கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். கிடைத்திருக்கிற வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தில் விடுதியும் சேர்த்து வருடத்துக்கு 70,000 டாலருக்கு மேல் ஆகும். மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். இவளோ டி ஆன்சா கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட அசோசியேட் டிகிரி படிக்கிறேன் என்று ஒரே பிடிவாதம். அதைப் படித்தால் என்ன ஆகும், யாராவது சொல்லுங்கள்.

செல்வம் மாமா: கம்யூனிட்டி காலேஜா? கதவைத் தட்டுகிற எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இடம் லதா அது. இவ்வளவு நன்றாகப் படித்த பிள்ளை.

நிலா: மாமா, நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பெரியப்பா: இரண்டு வருடப் படிப்புதானே? நம் பாலிடெக்னிக் டிப்ளமோ மாதிரியா? டிப்ளமோ முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருடம் போனவர்கள் என்னிடம் படித்ததிலேயே நிறையப் பேர்.

பிரியா: கிட்டத்தட்ட அதுதான் பெரியப்பா, இங்கே மூன்றாம் வருடத்திலேயே போய்ச் சேரலாம். ஆனால் சித்தி, நிலா சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. டேவிஸ் மாதிரி யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகம் எதற்கும் அசோசியேட் டிகிரி கட்டாயம் இல்லை, அவர்கள் கேட்பது 60 செமஸ்டர் யூனிட், டி ஆன்சாவில் குவார்ட்டர் முறை என்பதால் 90, அதுவும் அவர்கள் சொல்கிற பாடங்களில். சான்றிதழ் கையில் இருந்தும் ஒரு கணக்குப் பாடம் விட்டுப்போயிருந்தால் கதவு திறக்காது. நான் டேவிஸுக்கு மாறிய வழி இதுதான், அசோசியேட் டிகிரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை.

லதா சித்தி: அப்போது அந்த டிகிரி எதற்குத்தான்?

பிரியா: கால் ஸ்டேட், அதாவது கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் போக நினைத்தால் அதற்கு மதிப்பு உண்டு. டிரான்ஸ்ஃபருக்கென்றே ஒரு அசோசியேட் டிகிரி இருக்கிறது, அதை முடித்தால் கால் ஸ்டேட்டில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி, நாம் கேட்கிற வளாகத்திலேயே என்று மட்டும் சொல்ல முடியாது. இன்னொன்று, நேராக வேலைக்குப் போகிறவர்கள். எக்ஸ்ரே டெக்னீஷியன், பல் சுத்தம் செய்கிற ஹைஜீனிஸ்ட், இவர்களுக்கெல்லாம் இந்த இரண்டு வருட டிகிரியே போதும். நர்ஸிங்கும் அப்படித்தான், இரண்டு வருடம் படித்தவரும் நான்கு வருடம் படித்தவரும் லைசென்ஸுக்கு எழுதுவது ஒரே தேர்வு, என்கிளெக்ஸ். பெரிய மருத்துவமனைகளில் பலர் நான்கு வருட டிகிரி இருப்பவரைத்தான் முதலில் எடுப்பார்கள் என்பது வேறு கதை.

செல்வம் மாமா: சரி, செலவு?

பிரியா: கலிஃபோர்னியாவில் குடியிருப்பவருக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், 60 யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் 2,760. புத்தகம், பார்க்கிங், மற்ற சில்லறைக் கட்டணம் தனி. யூசியில் ஒரே வருடத்துக்குப் படிப்புக் கட்டணம் மட்டும் 15,000 அளவில் வரும், மாமா.

செல்வம் மாமா: ம்.

நிலா: அம்மா, டேக் என்கிற இட உறுதித் திட்டம் பற்றிச் சொன்னேனே, நீ கேட்கவே இல்லை. யூசியில் ஆறு வளாகங்கள், அவர்கள் சொல்கிற பாடங்களும் மதிப்பெண்ணும் இருக்கிற டிரான்ஸ்ஃபர் மாணவர்களுக்கு இடத்தை எழுத்திலேயே உறுதி செய்கின்றன. டேவிஸ் அதில் இருக்கிறது. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் இல்லை.

பிரியா: ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டேக் போடலாம், போட வேண்டியது செப்டம்பர் மாதத்தில், அதுவும் எல்லாப் படிப்புக்கும் கிடையாது. சாண்டா பார்பரா இன்ஜினியரிங் காலேஜுக்கு இல்லை. அசிஸ்ட் என்று ஒரு இணையதளம் இருக்கிறது, டி ஆன்சாவின் எந்தப் பாடம் டேவிஸில் எதற்கு ஈடு என்று வரிவரியாக வரும். முதல் குவார்ட்டருக்குப் பதிவு செய்யும் முன்னாலேயே அதைப் பார்த்துவிடு நிலா. இதைச் செய்யாமல் கண்ணில் பட்ட பாடத்தையெல்லாம் எடுத்துவிட்டு மூன்று, நான்கு வருடம் அங்கேயே கிடப்பவர்களும் இருக்கிறார்கள், மாமா பயப்படுவதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு.

பெரியப்பா: இரண்டு வருடத்தோடு நிறுத்திவிட்டு ஊருக்கு வந்தால்? இங்கே அதை டிகிரி என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள் அம்மா. பிளஸ் டூ முடித்து மூன்று வருடமாவது இருக்க வேண்டும்.

லதா சித்தி: அத்தான், நிறுத்தவெல்லாம் விட மாட்டேன். என் கவலை வேறு. விடுதி வாழ்க்கை, புதுச் சிநேகிதர்கள், அதெல்லாம் இவளுக்கு இல்லாமல் போகுமே.

நிலா: அது கொஞ்சம் வருத்தம்தான் அம்மா. ஆனால் அதற்காக மூன்று லட்சம் டாலரா?

லதா சித்தி: நாளைக்கு டி ஆன்சா கவுன்சிலரைப் பார்க்க நேரம் வாங்கு. நானும் வருகிறேன்.

செல்வம் மாமா: பிரியா, சும்மா கேட்கிறேன், நியூஜெர்சியிலும் இப்படி ஏதாவது உண்டா? நம் கார்த்திக் அடுத்த வருடம் பிளஸ் டூ.

பிரியா: உண்டு மாமா. பள்ளியில் முதல் 15 சதவீதத்துக்குள் வந்தால் என்.ஜே. ஸ்டார்ஸ் என்ற உதவித்தொகையில் கவுண்டி காலேஜ், அதாவது அங்கத்திய கம்யூனிட்டி காலேஜ் டியூஷன் இலவசம். அங்கே மட்டும் டிகிரியை முழுதாக முடிக்கச் சொல்லுங்கள், ஏ.ஏ. அல்லது ஏ.எஸ். என்கிற அசோசியேட் டிகிரியை முடித்தால்தான் ரட்கர்ஸ் மாதிரி மாநிலப் பல்கலைக்கழகம் மொத்த கிரெடிட்டையும் எடுத்துக்கொள்ளும். ஏ.ஏ.எஸ். என்று ஒன்று இருக்கும், அது வேலைக்கான படிப்பு, அதில் தெரியாமல் சேர்ந்துவிட வேண்டாம்.

செல்வம் மாமா: தனியாகப் போன் செய்கிறேன் அம்மா.