ஆலை விளக்கு வந்த பிறகு நள்ளிரவில் கூவும் சேவல்: கோழியின் மூளையில் என்ன மாறுகிறது?

லயத்துப்பிள்ளை:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே, பழைய லயத்தின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்புறம் பன்னிரண்டு பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கிறேன். மூன்று மாதங்களுக்கு முன் செம்பனை ஆலையின் வேலியோரம் வெள்ளை எல்.இ.டி. விளக்கு ஒன்றை நட்டார்கள். அதன் வெளிச்சம் கொட்டகைப் பலகையின் இடுக்குகள் வழியே கோடு கோடாக விழுகிறது. முன்பு விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்து ஆள்கணக்கெடுப்புக்கு) போகிறவர்கள் எழும் வேளையில் கூவிய சேவல், இப்போது ஒரு மணிக்கே கூவுகிறது. பெட்டைகள் கம்பிலிருந்து இறங்கி அந்தக் கோடுகளைக் கொத்துகின்றன. ஒன்றின் வால் இறகை மற்றொன்று பிடுங்குகிறது. தூக்கம் கெட்ட எரிச்சல் என்கிறார் பக்கத்து வீட்டு மாமா. தூக்கம் மட்டும்தானா, மூளையின் வேதிப்பொருள்களே மாறிவிடுகின்றனவா? சிவப்பு பல்பு போட்டால் தீரும் என்றும் சொல்கிறார்கள்.

அறிவியல் டீச்சர்:
வணக்கம் தம்பி. இருட்டியதும் மூளையிலுள்ள பினியல் சுரப்பி, செரோட்டோனின் என்ற வேதிப்பொருளிலிருந்து, இரவைத் தெரிவிக்கும் இயக்குநீரான மெலடோனினைச் செய்கிறது. வெளிச்சம் பட்டால் அந்த வேலை நின்றுவிடுகிறது. பாலூட்டிகளில் இந்தச் செய்தி விழித்திரையிலிருந்து, மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கடிகாரத்தின் வழியாகவே சுரப்பிக்குப் போகிறது. கோழிக்கோ பினியல் சுரப்பியே ஒளியை உணரும்; கண்ணை மூடிக்கொண்டாலும் மண்டையோட்டின் ஊடாக வெளிச்சம் உள்ளே போய்விடும்.

சேவலைப் பற்றி, ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்டது சுவையானது. மங்கலான ஒளி மாறாமல் இருந்த அறையிலும் சேவல்கள் ஏறக்குறைய ஒரு நாள் கணக்கில் கூவின. ஆனால் நாள்கள் செல்லச் செல்ல அந்த ஒழுங்கு குலைந்தது. ஆகவே உங்கள் சேவலை விளக்கு எழுப்புகிறது என்பதைவிட, அதன் உள்கடிகாரத்தையே குழப்புகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

மாமாவின் வாதத்துக்கு 2012இல் ஓர் எலி ஆய்வு விடை சொல்கிறது. மூன்றரை மணி நேரம் வெளிச்சம், மூன்றரை மணி நேரம் இருட்டு என்று மாற்றி மாற்றி வைக்கப்பட்ட சுண்டெலிகளின் மொத்தத் தூக்கம் குறையவில்லை. இருந்தும் அழுத்த இயக்குநீரான கார்ட்டிகோஸ்டிரோன் கூடியது, இனிப்புநீரில் நாட்டம் குறைந்தது (இது மனச்சோர்வின் அடையாளம்), புதியதைக் கற்பதில் தடுமாற்றம் வந்தது. நீல ஒளியை உணரும் மெலனாப்சின் என்ற நிறமி கொண்ட விழித்திரை அணுக்கள் இல்லாத எலிகளுக்கு இந்தக் கேடு நேரவில்லை. மனச்சோர்வு மருந்து கொடுத்ததும் மற்ற எலிகள் தேறின.

கித்தான்:
டீச்சர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எலி இரவுப் பிராணி, கோழி பகல் பிராணி. அடுத்த ஆண்டில் வந்த இன்னோர் ஆய்வில், நாளுக்கு 19 மணி நேர வெளிச்சத்தில் இருந்த பெரிய எலிகளின் ஹைப்போதலாமஸில் டோபமின் என்ற நரம்புச் செய்திப்பொருளைச் செய்த சில அணுக்கள் அதை விட்டுவிட்டுச் சோமட்டோஸ்டாட்டின் என்ற வேறொன்றைச் செய்யத் தொடங்கின, எலிகளும் மிரண்டன. அதே மாற்றம் கோழிக்கும் என்று அப்படியே ஒட்டிவிட முடியாது. இறகு பிடுங்குவதற்குச் செள்ளும் (இறகில் ஒட்டும் சிறு பூச்சி) புழுக்கமும்கூடக் காரணமாகலாம். முதலில் இறகடியைப் பிரித்துப் பாருங்கள்.

ஆனாலும் நம் ஊரில் ஆண்டு முழுவதும் பகலும் இரவும் ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம்தான். செம்பனைக் காட்டோரம் மேயும் காட்டுக்கோழிதான் உங்கள் கோழிகளின் மூதாதை. அது கண்ட மிகப் பெரிய இரவு வெளிச்சம் பௌர்ணமி, அதுவும் லக்ஸ் என்ற வெளிச்ச அலகில் ஏறத்தாழ 0.3 அளவுதான்.

சிவப்பு பல்பு மட்டும் வேண்டாம். எலிகளுக்கு அது ஓரளவு இருட்டு மாதிரி, கோழிக்கு அப்படியல்ல. சிவப்பொளிதான் மண்டையோட்டை எளிதில் ஊடுருவி, மூளைக்குள்ளிருக்கும் ஒளி உணரிகளைத் தொட்டு, முட்டைக்கான இயக்குநீர்களைத் தூண்டுகிறது. முட்டைப் பண்ணைகளில் 16 மணி நேரம் விளக்கு எரிவது இதற்காகத்தான். ஆலைப் பக்கத்தில் மட்டும் கறுப்புக் கித்தானைத் தொங்கவிட்டு, மறுபக்கத்தைக் காற்றுக்கு விடுங்கள்.

லயத்துப்பிள்ளை:
நன்றி டீச்சர், நன்றி அண்ணே. பழைய லாரிக் கித்தானை மாட்டி ஒன்பது நாளாகிறது. பெட்டைகள் ஏழரைக்கெல்லாம் கம்பேறிவிடுகின்றன. இரண்டு பெட்டைகளின் இறகடியில் செள்ளும் இருந்தது. சேவல் இன்னும் மூன்று மணிக்குக் கூவுகிறது.