உங்கள் சப்நெட் எங்கே மோதியது? கிளவுடுக்கு ஒதுக்கிய ஐபி முகவரித் துண்டும் (சப்நெட்) ஆபீஸிலோ ஆலையிலோ ஏற்கெனவே ஓடும் துண்டும் இடித்துக்கொண்ட கதையைச் சொல்லுங்கள். (/16, /24 என்பது துண்டின் அளவு; எண் பெரிதானால் துண்டு சின்னது.)

ராத்திரி ரூட்டர்:
கோவையில் ஒரு நூற்பாலை. இஆர்பியை (ஆலையின் கணக்கு, சரக்கு எல்லாம் ஓடும் மென்பொருள்) கிளவுடின் மும்பை ரீஜனுக்குத் தூக்கும் வேலை, சனிக்கிழமை ராத்திரி கட்ஓவர் (மாற்றும் நேரம்). ஆலையையும் கிளவுடையும் இணைக்கும் விபிஎன் டன்னல் இரண்டும் அப், இரு பக்கமும் வழி சொல்லிக்கொள்ளும் பிஜிபியும் அப். கிளவுட் சர்வரிலிருந்து ஆலையின் எடைமேடை பிரின்டருக்கு (10.20.4.15) பிங் போட்டேன். பதில் வந்தது. பின்னால் நின்ற மேனேஜர் கைதட்டிவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

எனக்கு அந்தப் பதிலின் கடைசி எண், போய்வந்த நேரம், உறுத்தியது: 0.4 மில்லி விநாடி. மும்பைக்கும் கோவைக்கும் நேர்க்கோட்டிலேயே சுமார் ஆயிரம் கிலோமீட்டர். ஃபைபரில் ஒளி மில்லி விநாடிக்கு 200 கிலோமீட்டர்தான் ஓடும். போய்வரவே 10 மில்லி விநாடி வேண்டாமா? போனைப் போட்டு பிரின்டர் கேபிளைப் பிடுங்கச் சொன்னேன். "பிடுங்கிக் கையில வெச்சிருக்கேன் சார்" என்கிறார் ஆலை எலக்ட்ரீஷியன். இங்கே பிங் பதில் வந்துகொண்டே இருக்கிறது.

விபிசிக்கு (கிளவுடில் நமக்கான தனி நெட்வொர்க்) 10.20.0.0/16 கொடுத்தது நான்தான். ஆலையில் 10.20.4.0/24 ஓடுவது எங்கள் எக்செல் ஷீட்டில் இல்லை. யாரோ ஏற்றிய டெஸ்ட் சர்வருக்கு அதே 10.20.4.15 தானாக விழுந்திருக்கிறது. தன் ரேஞ்சுக்குள் இருக்கும் முகவரியை விபிசி டன்னல் பக்கமே தள்ளாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த 0.4-ஐப் பார்க்காமல் விட்டிருந்தால் திங்கட்கிழமை காலை லாரிகள் வரிசையில் நின்றிருக்கும்.

கன்டெய்னர்காரன்:
என்னுடையது சின்னது. உள் பயன்பாட்டுக்கு ஒரு டூல், கிளவுடில் டாக்கர் கம்போஸில் (கன்டெய்னர்களை ஏற்றி இறக்கும் கருவி) ஓடியது. எல்லோருக்கும் திறந்தது, இரண்டாவது மாடிக்கு மட்டும் திறக்கவில்லை. என் மேனேஜர் உட்கார்ந்திருந்தது இரண்டாவது மாடி. டாக்கரின் முதல் பிரிட்ஜ் (சர்வருக்குள்ளேயே இருக்கும் குட்டி நெட்வொர்க்) 172.17.0.0/16 என்று தெரியும், கம்போஸ் அடுத்ததாக 172.18-ஐ எடுத்துக்கொள்ளும் என்று யோசிக்கவில்லை. அந்த மாடியின் வைஃபை 172.18.4.0/24. அவர் அனுப்பிய பாக்கெட் சர்வர் வரை வந்தது, பதில் மட்டும் சர்வருக்குள்ளேயே பிரிட்ஜில் போய்ச் செத்தது. நான் கம்போஸை நிறுத்தி பிங் போடச் சொன்னால் அவருக்குப் பதில் போகிறது, ஏற்றினால் போகவில்லை. அவர் முன்னால் நாலு முறை செய்து காட்டினேன். "நீ வேண்டுமென்றே செய்கிறாயா?" என்று கேட்டார்.

நாட் இருக்க பயமேன்:
ராத்திரி ரூட்டர் அண்ணே, இதற்கா இவ்வளவு? இரண்டு பக்கமும் நாட் (வழியில் முகவரியை மாற்றிவிடுவது) போட்டால் முடிந்தது. நாங்கள் வாங்கிய கம்பெனியும் 10.0.0.0/16, நாங்களும் 10.0.0.0/16. நடுவில் 100.64 ரேஞ்சில் நாட் போட்டோம். மூன்று வருடமாக ஓடுகிறது.

ஃபயர்வால் அக்கா:
தம்பி, அந்த மூன்று வருடத்தில் லாகைப் பார்த்து ஒரு ஆளையாவது கண்டுபிடித்ததுண்டா? எல்லாம் ஒரே முகவரியாகத்தானே தெரியும்? பெயரைக் கேட்டால் டிஎன்எஸ் உண்மை முகவரியைச் சொல்லும், ஆப் வேறு முகவரிக்குப் போக வேண்டும். எஸ்ஐபி போன் (நெட்வொர்க்கிலேயே ஓடும் போன்) இருந்தால் முகவரி பாக்கெட்டின் உடம்புக்குள்ளேயே இருக்கும், அதை யார் மாற்றுவார்கள்? ஓடுகிறது என்கிறீர்கள், சரி. உங்களுக்குப் பின்னால் வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

நான் மாட்டியது மோதலைவிட மோதல் பயத்தில். தலைமை அலுவலகத்தோடு இடிக்கக்கூடாது என்று அசூரில் ஏகேஎஸ்ஸுக்கு (கன்டெய்னர்களை ஓட்டும் சேவை) ஒரே ஒரு /24 கொடுத்தேன். அசூர் ஒவ்வொரு சப்நெட்டிலும் 5 முகவரியை எடுத்துக்கொள்ளும், மீதி 251. பழைய அசூர் சிஎன்ஐயில் (முகவரி பங்கிடும் முறை) ஒவ்வொரு நோடுக்கும் (சர்வர்) தனக்கு ஒன்று, அதில் ஓடும் பாடுகளுக்கு (கன்டெய்னர் தொகுதிகள்) முப்பது, ஆக 31. எட்டு நோடுக்கு 248 போய் மூன்றுதான் மிச்சம். வெர்ஷன் அப்கிரேடுக்கு முதலில் ஒரு புது நோடு எழ வேண்டும், அதற்கு 31 வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு அந்த எரரைப் பார்த்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாட் இருக்க பயமேன்:
அக்கா, போன் எங்களிடம் இல்லை. டிஎன்எஸ்ஸுக்குப் பதில் ஒவ்வொரு மெஷினிலும் முகவரியைக் கையால் எழுதி ஹோஸ்ட் ஃபைல் போட்டிருக்கிறோம்.

ஃபயர்வால் அக்கா:
ஹோஸ்ட் ஃபைலா! நான் வரவில்லை இந்த ஆட்டத்துக்கு.

பழைய சுவிட்ச்:
என் கதை இரண்டு வரி. ஏடபிள்யூஎஸ்ஸுக்குத் தனி லைன் இழுக்கும் டைரக்ட் கனெக்ட்டின் ஒரு பிரைவேட் இணைப்பில் நம் பக்கத்திலிருந்து 100 ஐபிவி4 ரூட்தான் (எந்தத் துண்டு எங்கே என்று சொல்லும் வழி) அனுப்பலாம். புதுக் கிளை ஒன்று திறந்தபோது 101-ஆவது போனது. பிஜிபி செஷனே விழுந்து நூறு கிளையும் இருண்டது. ரிப்பன் வெட்டிய அதே நிமிடம்.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முகவரித் திட்டம் போடும்போது தாளில் முதலில் உங்களிடம் ஏற்கெனவே இருப்பதை எழுதுங்கள், ஷீட்டை நம்பாதீர்கள், ஃபயர்வாலின் ரூட் டேபிளையும் ஏஆர்பியையும் (நிஜமாக ஓடும் முகவரிகளின் பட்டியல்) எடுத்துப் பாருங்கள். கிளவுட் முழுவதற்கும் ஒரே துண்டாக, உதாரணமாக 10.64.0.0/12 ஒதுக்குங்கள். அதில் 10.64 முதல் 10.79 வரை பதினாறு /16 வரும், அலுவலக ஃபயர்வாலில் ஒரே ரூட் போதும். கிளைகளையும் அப்படியே சுருக்குங்கள், என்னைப் போல நூறு /24-ஆக அனுப்பாதீர்கள். 10.0-வும் 10.1-உம் உலகத்தில் எல்லோரும் எடுப்பது, நாளைக்கு நீங்கள் வாங்கப்போகும் கம்பெனியும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். கூகுள் கிளவுடில் (ஜிசிபி) ஆட்டோ மோடு நெட்வொர்க் 10.128.0.0/9-இலிருந்து எடுக்கும், அதைத் தொடவேண்டாம். ஏடபிள்யூஎஸ் தானாகத் தரும் டிஃபால்ட் விபிசி 172.31.0.0/16, அதில் புரொடக்ஷன் கட்டாதீர்கள். அசூரில் விபிஎன் உட்காரும் கேட்வே சப்நெட்டுக்கு /27 விடுங்கள். பாடுகளுக்கு வேறு ரேஞ்சு. அப்புறம், ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதே அளவு காலியிடம்.

ராத்திரி ரூட்டர்:
அண்ணே, நன்றி, ஆனால் நான் ஏற்கெனவே இடித்துவிட்டேன். விபிசியின் முதல் ரேஞ்சை மாற்ற முடியாதே. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து 10.68.0.0/16-இல் புதிதாகக் கட்டினோம். இப்போது பிரின்டருக்குப் பிங் 27 மில்லி விநாடி. அவ்வளவு சந்தோஷமாக ஒரு தாமதத்தை நான் பார்த்ததில்லை.

வீட்டிலிருந்து வேலை:
நீங்கள் எல்லாம் பெரிய ஆட்கள். எங்கள் ஆபீஸ் ஃபைல் சர்வர் 192.168.1.10, மாமியார் வீட்டு வைஃபையும் 192.168.1.0/24. விபிஎன் போட்டு பிரவுசரில் அந்த முகவரியை அடித்தால் மச்சான் வாங்கி மாட்டிய சிசிடிவி டிவிஆர் லாகின் திறந்தது. ஆபீஸ் பாஸ்வேர்டை மூன்று முறை அதில் போட்டேன். லாக் ஆகி பீப் அடிக்க ஆரம்பித்தது. மாமியார் திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டுவிட்டார்.