வட்டமா, ஓவலா? நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் தேர்வு செய்ய உதவுங்கள்

நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் 3 வாரம்தான். இரண்டு கற்களில் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

இரண்டுமே 1 காரட், ஜி நிறம் (கிட்டத்தட்ட நிறமற்றது), விஎஸ்2 தெளிவு (உள்ளே மிகச் சிறிய குறைகள்), ஜிஐஏ என்ற வைரத் தர ஆய்வகத்தின் சான்றிதழ் உள்ளவை. வட்டக்கல் சுமார் 6.4 மி.மீ.; கட் தரம் (பட்டை தீட்டியதன் தரம்) எக்ஸலென்ட். ஓவல் 7.9-க்கு 5.6 மி.மீ. எடை ஒன்றுதான் என்றாலும் விரலில் ஓவல்தான் பெரிதாகத் தெரிகிறது. அவளுக்கு நீளமான மெல்லிய விரல்கள், அதில் அது அவ்வளவு அழகு!

ஆனால் ஓவலின் நடுவில் வில் முடிச்சு போல ஒரு கருநிழல். கடை விளக்கில் தெரியவே இல்லை. ஜன்னல் ஓரத்தில் பார்த்தபோது தெரிந்தது, அப்புறம் நிழலிலும் தெரிந்தது. கையைச் சாய்த்தால் குறைகிறது, முழுதாகப் போகவில்லை. வீடியோ எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன். ஓவலின் சான்றிதழில் கட் தரம் இல்லாததால் ஒப்பிடவும் வழியில்லை. வட்டத்தில் இந்தப் பிரச்சினை இல்லை, மின்னலும் அதிகம். அவள் மனம் என்னவோ ஓவலில்தான்.

ஓவல் வைரம் தினமும் அணிபவர்களே, அந்தக் கருநிழல் நாளடைவில் கண்ணை உறுத்துகிறதா?