காணாக்கடியும் இடமாறாத் தடிப்பும்

குழுவினருக்கு வணக்கம்.

மருந்தால் தோலில் வரும் தொல்லைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு மருந்தைச் சாப்பிடும்போதெல்லாம் உடம்பில் அதே இடத்தில் சிவந்து தடிக்கும் 'ஃபிக்ஸ்டு ட்ரக் எரப்ஷன்' என்பதற்கு நேற்று வந்த முன்மொழிவு:

> நிலையான மருந்து வெடிப்பு

முன்மொழிந்த அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும், இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வெடிப்பு என்றாலே நம் ஆட்களுக்குக் குதிகால்தான் நினைவுக்கு வரும். நிலையான என்று போட்டால், இனி இது போகவே போகாது என்று பயந்துவிடுவார்கள். இங்கே நிலையாக இருப்பது நோய் இல்லை, அது வரும் இடம்.

என் அக்காவுக்கு வந்ததைச் சொன்னால் விளங்கும். வயிற்றுப்போக்குக்காக ஒரு நாள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டாள். சில நாளில் இடது புறங்கையில், கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகச் சிவந்து எரிந்தது. காணாக்கடி என்று சொல்லி எங்கள் அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். எரிச்சல் போனது, சாம்பல் கலந்த கருப்பாக ஒரு வட்டம் மட்டும் தங்கிவிட்டது. ஏழெட்டு மாதம் கழித்து மறுபடி வயிற்றுப்போக்கு, மறுபடி அதே மாத்திரை. காலையில் போட்டது, மத்தியானச் சாப்பாட்டுக்குள் அந்தப் பழைய வட்டமே சிவந்து உப்பியது. இம்முறை கீழுதட்டிலும் ஒன்று. மூன்றாம் முறை கைவட்டத்தின் நடுவில் கொப்புளமே எழும்பிவிட்டது. அதன் பிறகுதான் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் கையைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை போட்டீங்க?" நார்ஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்த மாத்திரை. சீட்டில் எஃப்.டி.இ. என்று, அந்த ஆங்கிலப் பெயரின் சுருக்கமாக, மூன்று ஆங்கில எழுத்தை எழுதிக் கொடுத்தார். அது என்னவென்று அக்காவுக்கு இன்றுவரை தமிழில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை, அந்த வருத்தத்தில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். முதல் தடவை அந்த மருந்தை எதிர்த்த டி-அணுக்களில் (உடம்பின் எதிர்ப்பு அணுக்களில் ஒரு வகை) ஒரு கூட்டம், வேலை முடிந்த பிறகும் கலையாமல் அந்த இடத்து மேல்தோலிலேயே குடியிருந்துவிடுகிறது. அதே மருந்து மறுபடி உடம்புக்குள் வந்தால் அங்கே இருப்பவை உடனே விழித்துக்கொள்கின்றன. முதல் முறை வெளியே தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அடுத்த முறை அரைமணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும். தாக்குதலில் சிதறும் மெலனின் என்ற நிறமி தோலின் அடியடுக்குக்குள் இறங்கித் தங்குவதால்தான் அந்தக் கருமை. 1889இல் பூர்ன்ஸ் என்பவர் ஆன்டிபைரின் என்ற காய்ச்சல் மருந்தைச் சாப்பிட்டவர்களிடம் இதைக் கண்டு எழுதினார். 1894இல் பிரெஞ்சுத் தோல் மருத்துவர் புரோக் வைத்த பெயரில் சிவப்பும் உண்டு, கருமையும் உண்டு, இடம் மாறாமையும் உண்டு. ஆங்கிலத்துக்கு வந்தபோது முதல் இரண்டும் உதிர்ந்துபோயின.

இப்போது காணாக்கடிக்கு வருகிறேன். அழகான சொல், அதை நாம் இழக்கக் கூடாது. கடித்த பூச்சி கண்ணில் படவில்லை, ஆனால் உடம்பெல்லாம் தடித்துவிட்டது என்பதைக் காணா என்ற ஒரே எதிர்மறையில் அடக்கிவிட்டார்கள். ஆனால் அந்தச் சொல் பழியைப் பூச்சி மேல் போட்டுவிடுகிறது. அதைச் சொன்ன பிறகு, வீட்டில் யாரும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆனது. பெயரும் பொருந்தவில்லை: காணாக்கடி ஓடும், ஓர் இடத்துத் தடிப்பு ஒரு நாளுக்குள் அமுங்கி வேறு இடத்தில் கிளம்பும். அக்காவுக்கு வந்தது ஓடவில்லை.

காணாக்கடியின் அச்சிலேயே 'மாறாத்தடிப்பு' என்று சொல்லலாமா என்று முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்து நண்பரிடம் சொன்னபோது அவர் தயங்கினார். அவர்கள் பக்கம் "காய்ச்சல் மாறிட்டுதோ?" என்று கேட்டால் குணமாகிவிட்டதா என்று பொருள். அவர் காதுக்கு மாறாத்தடிப்பு என்பது குணமாகாத தடிப்பு. நிலையான என்பதில் இருந்த அதே சிக்கல் வேறு வழியாக வந்து நிற்கிறது. அதனால் இடத்தையும் உள்ளே வைத்து, இடமாற்றம் என்று எழுதுவதுபோல, இடமாறா என்று ஆக்கினேன்.

என் முன்மொழிவு: இடமாறா மருந்துத் தடிப்பு.

மருந்து என்ற சொல்லைச் சுருக்கத்துக்காக எடுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இது உதட்டிலும் பிறப்புறுப்பிலும் அடிக்கடி வரும். கணவனுக்கு அங்கே புண் என்றால் வீட்டில் என்ன சந்தேகம் கிளம்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. பால்வினை நோய் என்று நினைத்து வெட்கத்தில் மறைத்து, தானாக வேறு மாத்திரை வாங்கிப் போடுபவர்கள் உண்டு. மருந்தால் வந்தது என்பதைப் பெயரே சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்தில் பாதிச் சண்டை அடங்கும். டெட்ராசைக்ளின், கோட்ரைமாக்சசோல் போன்ற கிருமிக்கொல்லிகள், வலிமாத்திரைகள், ஏன், பாராசிட்டமாலில்கூட இது வருவதுண்டு.

இன்னொருவர் எல்லாவற்றையும் ஒவ்வாமை என்றே போட்டுவிடலாம் என்கிறார். அது சரிவராது. பிறந்த குழந்தைக்கு இடது தோளில் காசநோய்க்கான பிசிஜி தடுப்பூசி போட்டு இரண்டு மூன்று வாரத்தில் சின்னக் கட்டி வரும், உடைந்து புண்ணாகி ஆறி, தழும்பாகும். அந்த ஊசி வழக்கமாகப் போகும் போக்கே அது. அதற்கு ஒவ்வாமை என்று பெயர் வைத்தால் தாய் அடுத்த தடுப்பூசிக்குக் குழந்தையைக் கொண்டுவர மாட்டார். அதற்கு 'ஊசித் தழும்பு' போதும், ஊரில் ஏற்கெனவே அம்மைத் தழும்பு என்று சொல்லிப் பழகியிருக்கிறார்கள். மருந்தால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயைத் தடிப்பு என்ற வரிசையிலேயே சேர்க்கக் கூடாது. காய்ச்சல், வாயெல்லாம் புண், கண் சிவப்பு, தோல் உரிதல் என்று வந்தால் அது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய அவசரம். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு 'தோலுரி நோய்' என்று பக்கத்தில் ஒரு விளக்கம் தரலாம்.

அக்காவின் பணப்பையில் வைக்க நேற்று ஓர் அட்டை எழுதிக் கொடுத்தேன்: "எனக்கு இடமாறா மருந்துத் தடிப்பு உண்டு. நார்ஃப்ளாக்சசின், டினிடசோல் இரண்டும் தர வேண்டாம்." படித்துப் பார்த்துவிட்டு, புறங்கையைத் திருப்பி அந்த வட்டத்தைத் தொட்டு, "ஆமா, இது இடம் மாறவே இல்லையேடா" என்றாள். யாழ்ப்பாணத்தில் தடிப்பு என்றால் திமிர் என்றும் ஒரு பொருள் உண்டாம். தோலைப் பற்றிப் பேசும்போது அது இடறுமா என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் சொன்னால் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் திருத்திவிடலாம்.